நான் புகழ்ந்த பூசணிக்கொடி

வரிப்பத்தான்சேனையில் ஒரு பூசணிக்கொடியைக் கொன்றவன் என்ற பெயர் எனக்கு இன்றும் உண்டு. வெட்டிக் கொல்லவில்லை, மருந்தடித்தும் கொல்லவில்லை. "நல்லா இருக்கு" என்று சொன்னேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் கொடி வாடிச் செத்துவிட்டது.

இதை ஒப்புக்கொள்வதற்கே எனக்கு நாற்பது வருடம் எடுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இது நடந்த காலத்தில், யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் வேரழுகல் நோயைப் பற்றி முக்கால் மணித்தியாலம் விளக்கம் கொடுத்திருப்பேன். (கொடுத்தேன். அதுவும் கொடிக்குச் சொந்தக்காரரான உதுமாலெவ்வைக் காக்காவிடமே கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். மனுசன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம் தம்பி, அழுகல்தான். அது எங்கிருந்து வந்த எண்டுதான் நாங்க கதைக்கிறம்" என்றார்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலைநாட்டில் இரண்டு வருடம் கமத்தொழில் படித்துவிட்டு, வரிப்பத்தான்சேனைக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஓவசியராக வந்து சேர்ந்திருந்தேன். காக்கிக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, தலையில் ஒரு வெயில் தொப்பி. வாப்பா நெல் விதைத்து என்னைப் படிக்க வைத்தவர். அந்தத் தொப்பியைத் தலையில் வைத்த நாளிலிருந்து, நெல் எப்படி முளைக்கிறது என்று அவருக்கே நான் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். அவரும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார்.

கலியாணம் முடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். நானும் அப்படித்தான் கல்முனையில் என் மனைவி சபியாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிழமை நாட்களில் நிலையத்து விடுதியில் கிடந்துவிட்டு, விடுமுறைக்குச் சைக்கிளில் வீட்டுக்கு ஓடுவேன். சபியா முதல் வாரமே சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"நீங்க எங்க மாறிப் போனாலும் போங்க. உம்மாட ஊட்ட உட்டுட்டு நான் வரமாட்டன்."

அதனால், எனக்கு இடமாற்றம் வந்தால் அது எனக்கு மட்டும்தான் வரும். அந்த ஆபத்து எப்போதும் தலைக்கு மேல் இருந்தது. ஏனென்றால் என் உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை நிரந்தரமாக்க வேண்டியவர் நிலையத்துப் பொறுப்பதிகாரி கந்தையா ஐயா. யாழ்ப்பாணத்தவர். நேரம் தவறாதவர். அவர் சிரித்து நிலையத்தில் எவரும் கண்டதில்லை. அவருடைய மனைவி ஒருமுறை கண்டிருக்கிறார் என்று ஒரு வதந்தி மட்டும் இருந்தது.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும், இப்றாலெவ்வை. அடுத்த மாதம் இஞ்ச மரக்கறி வயல்விழா வைக்கப் போறம். கொழும்பில இருந்து பெரியவர் வாறார். சுத்துவட்டாரத்துக் கமக்காரர் எல்லாரும் தங்கட திறமான காயளைக் கொண்டுவந்து காட்ட வேணும். அது உம்மட பொறுப்பு. விழா சரிவந்தா உம்மட உத்தியோகத்துக்கு எழுதுவன். சரிவராட்டி, மன்னாருக்கு ஆள் தேவையெண்டு கடிதம் வந்து கிடக்குது."

மன்னார்! இலங்கையின் மற்றக் கரை. என் சோற்றை நானே கரியாக்கித் தின்பது கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாளே அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமுமாகக் கிளம்பினேன். முதலில் போனது உதுமாலெவ்வைக் காக்காவின் தோட்டம். அங்கே ஒரு பூசணிக்காய் கிடந்தது, கட்டிப் பிடிக்க இரண்டு கை போதாது. நாடாவைச் சுற்றினேன். அங்குலத்தை உரக்கப் படித்தேன். வேலிக்கு அப்பால் நாலு பேர் நிற்கிறார்கள் என்ற உற்சாகத்தில் இன்னும் உரக்க, "என்ட வாழ்நாளில இப்படி ஒரு பூசணி கண்டதில்ல! நாப்பது றாத்தல் வரும்! நல்லா இருக்கு, காக்கா, வலு நல்லா இருக்கு!" என்று காய்க்கு இரண்டு தட்டும் தட்டினேன். அன்று மாலையே கந்தையா ஐயாவிடமும் அந்த நாற்பது றாத்தலைச் சொல்லிவைத்தேன்.

எங்கள் ஊர்களில் ஒன்றை நல்லதென்று சொன்னால் கூடவே 'மாஷா அல்லாஹ்' என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொன்னவனின் நாக்கு அந்தப் பொருளில் பட்டுவிடும். அதற்கு நாவூறு என்று பெயர். தமிழாட்கள் கண்ணூறு என்பார்கள், பயம் ஒன்றுதான். நானும் இதைக் கேட்டு வளர்ந்தவனே. ஆனால் மலைநாட்டுப் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் அது வரவில்லை. அதனால் மறந்துவிட்டேன்.

கொடி செத்த செய்தி என் சைக்கிளைவிட வேகமாகப் போயிருக்கிறது. அதன் பிறகு நான் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் காய்களின் மேல் சாக்கும் ஓலையும் மூடிக் கிடந்தன. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் பெண்கள் ஓடிப்போய் மூடுவதை நான் கண்ணாலேயே கண்டேன். ஏனென்று கேட்டால், "வெயில், தம்பி" என்றார்கள். நான் அதை நம்பினேன். நம்பியதோடு விடாமல், காய்களை வெயிலிலிருந்து பாதுகாக்கும் புதிய முறை ஒன்று இப்பகுதிக் கமக்காரரிடையே வேகமாகப் பரவிவருவதாகவும், அதில் என் பங்கு சிறிதல்ல என்றும் கந்தையா ஐயாவுக்கு இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். (அந்த அறிக்கையின் பிரதி என்னிடம் இருந்தது. பிறகு நானே அடுப்பில் போட்டேன்.)

விழாவுக்குக் கந்தையா ஐயா ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். ஜும்ஆத் தொழுகை நாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் திகதியைக் குறித்த பிறகு அதைத் திருத்தச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்று காலை நிலையத்து முற்றத்தில் நீள மேசைகள் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தோம். முதற்பரிசு ஒரு புத்தம்புதுப் பூவாளி, இரண்டாம் பரிசு மண்வெட்டி, மூன்றாம் பரிசு விதைப் பொட்டலங்கள். ஜீப்பில் வந்திறங்கிய கொழும்புப் பெரியவர் ஒரு பறங்கியர். நெடிய மனிதர், சிவந்த முகம், நல்ல சுபாவம், ஆங்கிலம் மட்டும் பேசுவார். கந்தையா ஐயாவும் நானும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றோம். சனம் வந்தது. மாட்டுவண்டிகளில் வந்தது, நடந்தும் வந்தது. முற்றம் நிறைந்துவிட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு ஒவ்வொருவராக வந்து மடியை அவிழ்த்து மேசையில் வைத்தார்கள்.

முதலில் ஒரு கத்தரிக்காய். அதில் ஓட்டை இருந்தது. ஓட்டையில் புழு இருந்தது. அடுத்தது தேங்காய்ப் பருமன்கூட இல்லாத ஒரு பூசணி. பிறகு முற்றி வெடித்த பாகற்காய், வளைந்து சூம்பிய புடலங்காய், கம்பு மாதிரி முற்றிய வெண்டிக்காய். தங்கம்மா அக்கா, கடற்கரைப் பக்கம் மணலில் கீரை போடுகிறவர், பழுத்த இலைகளாகப் பொறுக்கி ஒரு கட்டுக் கட்டி, அதற்கும் பயந்து ஒரு கரிப்பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தார். உதுமாலெவ்வைக் காக்கா என் முகத்தைப் பார்க்காமல் நாலு பிஞ்சுக் காய்களை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

கடைசியாக என் மாமா ஆதம்பாவா வந்தார். சபியாவின் வாப்பா. கல்முனையில் வீடென்றாலும் அவருக்கும் வரிப்பத்தான்சேனையில் ஒரு தோட்டம் இருந்தது. அங்கே அவர் போடும் கத்தரிக்காய்க்குச் சந்தையில் அடிபிடி. மருமகனின் மானத்தை இவராவது காப்பாற்றுவார் என்று பார்த்தேன். தோளிலிருந்த துவாயைப் பிரித்தார். உள்ளே இரண்டு கத்தரிக்காய்கள் இருந்தன. ஒன்று அழுகல், மற்றது அழுகப் போகிறது.

"என்ன மாமா இது?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தோட்டத்தில இதுதான் இரிக்கி, மருமகன். இந்த வருசம் ஒண்டும் சரியில்ல" என்றார் அவர். போன கிழமைதான் அவருடைய வண்டி நிறையக் கத்தரிக்காய் அக்கரைப்பற்றுச் சந்தைக்குப் போனது.

கொழும்புப் பெரியவர் மேசையோரமாக நடந்தார். ஒவ்வொரு காயையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். புழு இருந்த கத்தரிக்காயை வெகுநேரம் பார்த்தார். பிறகு கந்தையா ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூச்சிகளையும் நோய்களையும் இவ்வளவு முழுமையாகச் சேர்த்து வைத்த ஒரு கண்காட்சியைத் தம் சேவைக்காலத்தில் கண்டதில்லையாம். இனி நல்ல காய்கள் இருக்கும் மேசைக்குப் போகலாமா என்று கேட்டார்.

கந்தையா ஐயா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"எங்க காணும் உம்மட நாப்பது றாத்தல் பூசணி?"

இந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. ஒரு கதிரையில் ஏறி நின்றேன். "ஏன் இப்படிச் செய்றீங்க? உங்கட தோட்டத்தில என்ன இரிக்கிண்டு எனக்குத் தெரியாதா? ஆதம்பாவா மாமாட கத்தரிக்காய் எப்படி? பள்ளிவாசல் மோதினார்ர வளவில தொங்குற புடலங்காய் என்ன நீளம்?" என்று ஒவ்வொரு காயாகப் பெயர் சொல்லி, சொந்தக்காரரின் பெயரும் சொல்லி, அளவும் சொல்லிக் கத்தினேன். ஒரு 'மாஷா அல்லாஹ்'கூடச் சேர்க்கவில்லை.

கூட்டம் கலங்கிப்போனது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் மண்ணில் தூ தூ என்று துப்பினார்கள். என் மாமாவும் துப்பினார். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஜும்ஆவுக்குப் பாங்கு ஒலித்தது. அவ்வளவுதான், முற்றத்தில் தங்கம்மா அக்காவும் வண்டி மாடுகளும்தான் மிச்சம்.

"எல்லாரும் எங்க போயிட்டினம்?" என்றார் கந்தையா ஐயா.

"தொழுகைக்கு, ஐயா. நானும் போகோணும், ஐயா."

"போம்" என்றார். "போய், மன்னார்ல நல்லாத் தண்ணி கிடைக்கோணுமெண்டும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும்."

தொழுகையில் நின்றேனே தவிர, நெஞ்சு அங்கே இல்லை. சபியாவின் முகம் வந்தது. மன்னார் மணல் வந்தது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை விருந்தாளி போல வந்து போகும் என் முகமும் வந்தது. துஆக் கேட்கக் கையை ஏந்தியபோது உண்மையாகவே அழுகை முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அப்போது பயிரும் வேண்டாம், பதவியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த வீட்டுப் படலையைத் திறந்தால் போதும் என்றிருந்தது.

தொழுகை முடிந்து வெளியே வந்தேன். பள்ளிவாசல் வெளிமுற்றத்தில் ஏலத்துக்கு ஆயத்தம் நடந்தது. எங்கள் பக்கத்தில் தோட்டக்காரர் முதல் காயைப் பள்ளிக்கு நேர்ந்து விடுவார்கள். ஜும்ஆ முடிந்ததும், பாங்கு சொல்லும் மோதினார் அதை ஏலத்தில் விற்பார். பள்ளிச் செலவுக்கு அது உதவும். வழக்கமாக இரண்டு தேங்காய், ஒரு வாழைக்குலை, கோழி ஒன்று என்று இருக்கும்.

அன்று ஓலைப்பாயில் ஒரு மலை இருந்தது. பூசணிகள், ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்கும் பூசணிகள். ஆளுயரப் புடலங்காய்கள். பயற்றங்காய்க் கட்டுகள். நடுவில் ஊதாவும் வெள்ளையும் கலந்து பளபளத்த கத்தரிக்காய்கள். அவை யாருடையவை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வண்டிகள் எல்லாம் முதலில் இங்கே நின்று, நல்லதை இறக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் என் மேசைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

மோதினார் அலியார் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க தம்பி! பள்ளி கட்டின நாளில இருந்து இவ்வளவு சாமான் வரல்ல. எல்லாம் உங்கட பேரால வந்த நேர்ச்சதான்."

"என்ட பேராலயா?"

"ஓம். 'யா அல்லாஹ், அந்த ஓவசியர்ர வாயில இருந்து தோட்டத்தக் காப்பாத்து, முதல் காய் பள்ளிக்கு' எண்டு ஊரே நேந்திரிக்கி. நானும் என்ட புடலங்காய நேந்தன்."

பக்கத்தில் நின்ற மாமா இருமினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மாமா, அப்ப இத மட்டும் எல்லாருக்கும் காட்டலாமா? நாவூறு படாதா?"

"அல்லாட சாமானுக்கு ஆர்ர நாவூறு, மருமகன்? பள்ளிக்குக் குடுத்தாப் பிறகு ஆரும் பாக்கலாம்."

இதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. சைக்கிளை மிதித்த மிதியில் தொப்பி வாய்க்காலுக்குள் விழுந்தது. எடுக்கவில்லை. நிலையத்தில் இரண்டு பெரியவர்களும் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நல்ல காய்கள் எல்லாம் பள்ளிவாசல்ல இரிக்கி!"

"வயல்விழா இஞ்ச. காய் அங்கயோ?" என்று கந்தையா ஐயா கர்ச்சித்தார். ஆனால் கொழும்புப் பெரியவர் விஷயம் என்னவென்று என்னிடமே கேட்டார். நாவூறு, கொடி, நேர்ச்சை, ஏலம் எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் இடையிலேயே எழுந்து ஜீப்பில் ஏறிவிட்டார்.

பள்ளிவாசல் முற்றத்துப் புளியமரத்தடியில் அவருக்குக் கதிரை போட்டார்கள். மோதினார் முதல் பூசணியைத் தூக்கியதும் மனிதர் துள்ளி எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ பெரிய வார்த்தை சொன்னார். சொல் யாருக்கும் விளங்கவில்லை, குரல் எல்லோருக்கும் விளங்கியது. ஐம்பது முகங்கள் சுருங்கின. நான் பாய்ந்து அவர் காதில், இங்கே புகழ்ந்தால் கூட ஒரு சொல் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மாசல்லா" என்றார்.

முற்றம் முழுவதும் மூச்சு விட்டது. உதுமாலெவ்வைக் காக்கா முதன்முறையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு கொழும்புப் பெரியவரை நிறுத்த முடியவில்லை; புடலங்காய்க்கு மாசல்லா, கத்தரிக்காய்க்கு மாசல்லா, மோதினாரின் தாடிக்கும் மாசல்லா. கடைசியில் கந்தையா ஐயாவும், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு பாகற்காய்க்குச் சொன்னார்.

வாய் திறந்ததும் கமக்காரர்கள் கொட்டத் தொடங்கினார்கள். என்ன எரு, எப்போது நடுகை, எந்த விதை, பூச்சிக்குச் சாம்பலோடு எதைக் கலப்பது, எல்லாம் வந்தது. இரண்டு வருடம் படித்த எனக்குத் தெரியாதது பாதிக்கு மேல் இருந்தது. (முக்கால்வாசி என்று சொன்னாலும் தவறில்லை.) நான் மொழிபெயர்க்க, பெரியவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஏலத்தில் ஒரு பூசணியை அவரே எடுத்தார். விருந்தாளியோடு போட்டிக்குக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

பரிசில்தான் சிக்கல் வந்தது. சிறந்த காய்கள் எல்லாம் இப்போது பள்ளிவாசலின் சொத்து. ஆகவே முதற்பரிசான பூவாளி பள்ளிவாசலுக்கே போயிற்று. மோதினார் அதைக்கொண்டு பல வருடம் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். இரண்டாம் பரிசும் பள்ளிக்கே. அரசாங்க மண்வெட்டி, நல்ல உருக்கு. இறந்தவர்களை அடக்கும் அந்த ஊர் மையவாடியில் கபுறுக்குழி வெட்ட அதைப் போல் வேறில்லை என்று பின்னாளில் சொன்னார்கள்.

ஜீப் புறப்பட்ட பிறகு கந்தையா ஐயா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"இப்றாலெவ்வை, உமக்குத் தோட்டத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"ஓம், ஐயா."

"ஆனா உம்மட வாய்க்குப் பயந்து ஒரு ஊரே நல்லாப் பயிர் செய்திருக்குது. அதை நான் எப்படி எழுதுறது?" என்றார். அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. அது சிரிப்பா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எப்படியோ எழுதினார். கிராம மக்களிடையே இவருடைய பேச்சு ஆழமான விளைவை ஏற்படுத்துகிறது என்று எழுதி, உத்தியோகத்தை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்திருந்தார். கடிதம் கைக்கு வந்த அன்று கல்முனைவரை சைக்கிளில் நான் போனேனா, சைக்கிள் என்னைக் கொண்டுபோனதா என்று தெரியாது. படலையைத் திறந்து, மன்னார் இல்லையாம் என்றேன். சபியா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அத்தனை மாதமும் என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நெஞ்சிலிருந்து நெல்மூட்டை ஒன்றை இறக்கி வைத்தது போலிருந்தது. உள்ளேயிருந்து மாமி மகளிடம் சொல்வது கேட்டது: "மாப்பிள்ளைக்குச் சோத்தப் போடு. கறியப் பத்தி மட்டும் ஒண்டும் சொல்லவேணாமெண்டு சொல்லு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் புகழத் தடை. மூத்த மகள் பிறந்தபோது குழந்தையைப் பார்த்து நான் வாயைத் திறக்க, மாமா கையாலேயே என் வாயைப் பொத்தினார். நாளடைவில் நானும் பழகிவிட்டேன். கறி அமிர்தமாக இருந்தால் "சுமார்" என்பேன். நெல் மூட்டை மூட்டையாக வந்தால் "ஏதோ கிடக்கு" என்பேன்.

அந்த மகளுக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசினோம். பையனின் வாப்பா நிறைய வயல் வைத்திருந்த ஒரு பெரிய போடியார். மனைவியோடு வந்து உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, "புள்ள எப்படி?" என்று நேராகக் கேட்டார். மகள் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். ஊரிலேயே முதலாவதாகப் பரீட்சை எழுதித் தேறியவள், எங்கள் கண்மணி. நான் பழக்கதோஷத்தில், "என்னத்தச் சொல்ற, சுமாரான புள்ள" என்று விட்டேன். திரைக்குப் பின்னால் சபியா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

போடியார் வெறுங் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தன் மனைவி பக்கம் திரும்பி, "தகப்பனே சுமாரெண்டு சொல்றான். அப்ப புள்ள தங்கம்தான். நாளக் குறிப்பம்" என்றார்.

மகளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் அதிபராக இருக்கிறாள். இன்றும் தொலைபேசியை எடுத்தால் பெயர் சொல்ல மாட்டாள்.

"வாப்பா, உங்கட சுமாரான புள்ள கதைக்கிறன்."